‘சில்லறை’ என்று பெயர் வைத்த ஃபோல்டர்

முத்தியால்பேட்டையில் நான் பார்த்துக்கொள்கிற கணினிகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு செருப்பு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அது இருந்தது மாடியில் ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில். பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒரு மனிதனைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்திருக்கிற எல்லாவற்றையும் பிரெஞ்சுக்கு மாற்றி, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்திக் கொடுப்பார்கள். நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். எங்கள் தெருவுக்கே அவர் மதாம். அவரிடம் வேலை பார்ப்பது டைப் அடிக்கிற அக்கா ஒருவர்தான். மூன்றாவது ஆள் அந்த லினக்ஸ் பெட்டி. இரண்டு பேருடைய மேசைக் கணினிகளிலும் எழுதுகிற எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போய்ச் சேரும். கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

“நம்ம ஆபீஸ்ல லீவு கேக்காத ஆளு அது ஒண்ணுதான்,” என்று மதாம் சொல்வார். அக்கா காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்.

நான் எங்கேயும் படித்துவிட்டு வந்தவன் இல்லை. சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தபோது, அங்கே கெட்டுப்போன கணினி ஒன்றை மூலையில் போட்டு மேலே பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் உறையைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தவன்தான். இன்றைக்கும் என் சட்டைப்பையில் ஒரு நோட்டு இருக்கும். முன்பக்கமாகத் திறந்தால் கணினிகள் சொன்ன பிழைச் செய்திகள், பின்பக்கமாகத் திறந்தால் மனிதர்கள் சொன்ன வார்த்தைகள். முன்பக்கம் சீக்கிரமே பழசாகிவிடும். பின்பக்கம் பழசாகாது, சீக்கிரம் தீர்ந்துபோகும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு மதாம் கூப்பிட்டார்.

“முசே, கொஞ்சம் வர முடியுமா?”

சாதாரண நாளில் நான் அவருக்குத் ‘தம்பி’. ‘முசே’, அதாவது பிரெஞ்சில் ‘ஐயா’, என்று மரியாதை கூடினால் எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். வண்டியை எடுத்தேன்.

மாடியேறியதும் விஷயம் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலம் இடி இடித்ததால் மதாம் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பல மாதமாக நிற்காமல் ஓடிய பெட்டி அன்றுதான் முதல்முறையாக நின்றது. காலையில் போட்டதும் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, ஆனால் ஒரு ஃபைலையும் கொடுக்க மாட்டேன் என்கிறது.

சுவரோரப் பெஞ்சில் ஓர் அம்மாள் பட்டுப்புடவையில், மடியில் பிளாஸ்டிக் கோப்புறையோடு உட்கார்ந்திருந்தார். தலை நிறைய மல்லிகை. எங்கேயோ பார்த்த முகம்.

மதாம் மேசையிலிருந்து ஒரு பெயரை அழைத்தார். மூன்று பகுதி உள்ள நீளமான பெயர். யாரும் அசையவில்லை. இன்னொரு தரம் அழைத்தார். அக்கா எழுந்துபோய் அந்த அம்மாளின் கையைத் தொட்டார்.

“என்னையா கூப்ட்டீங்க?” என்று அவர் திடுக்கிட்டுப் பார்த்தார். “அந்தப் பேரு ரேசன் கார்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் வெச்சிருக்கறது மதாம். தெருவுல யாரும் அப்டி கூப்ட மாட்டாங்க.”

குரலைக் கேட்டதும் பிடிபட்டது. வைத்திக்குப்பத்து மீன்காரம்மா. எங்கள் வீட்டுக்குக் கானாங்கெளுத்தி கொடுக்கிறவர்தான். கூடை இல்லாமல் பார்த்ததில் எனக்கு ஆளே தெரியவில்லை.

அவருடைய மகள் பிரான்சில் இருக்கிறாள். மருமகனின் தாத்தா அந்தக் காலத்துச் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த வழியில் அவர்களுக்கு அங்கே குடியுரிமை. மகளுக்கு இது முதல் பிரசவம், அடுத்த மாதம் நாள் கொடுத்திருக்கிறார்கள். மீன்காரம்மா விசா விண்ணப்பம் கொடுக்க அன்றைக்கு மூன்று மணிக்கு நேரம் வாங்கியிருந்தார். அதை விட்டால் அடுத்து கிடைக்கிற நாள், பிரசவ நாளுக்கு அந்தப் பக்கம். அவர் கொடுக்க வேண்டிய ஏழு காகிதங்களும் மொழிபெயர்த்து, சரிபார்த்து, முத்திரை குத்துவது மட்டும் பாக்கி என்ற நிலையில் பெட்டிக்குள் இருந்தன.

“புள்ள பொறக்கறதுக்கு முந்தி போனாதான் நான் அம்மா,” என்றார் என்னிடம். “பொறந்தப்புறம் போனா விருந்தாளி. காபி குடுத்து ஒக்கார வெச்சிருவாங்க.”

இதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதலாம் என்று கை போனது. மதாம் பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டேன்.

“எவ்ளோ நேரம் ஆவும் தம்பி?” என்று அக்கா கேட்டார்.

“அரை மணி நேரம்க்கா,” என்றேன். எந்த வேலைக்கும் நான் சொல்கிற நேரம் அதுதான். டாக்டர்கள் ‘ஒண்ணும் பயமில்லை’ என்பதுபோல.

பெட்டிக்குப் பழைய திரை ஒன்றை இணைத்து, ஃபைல்களைப் பங்கிட்டுக் கொடுக்கிற நிரலை நானே கையால் கிளப்பிப் பார்த்தேன். ஒரே வரியில் பதில் வந்தது. இன்ன பெயருள்ள லைப்ரரியைத் திறக்க முடியவில்லை. அப்படி ஒரு கோப்பு இங்கே இல்லை.

இந்த லைப்ரரி விவகாரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு நிரல் எல்லா வேலையையும் தானே செய்வதில்லை. வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிறவர் வேறு, அரிவாள்மணையோடு உட்கார்ந்து வெட்டிச் சுத்தம் பண்ணித் தருகிறவர் வேறு. விற்கிற பத்துப் பேரும் அந்த ஒருவரிடம்தான் அனுப்புவார்கள். லைப்ரரி என்பது அந்த வெட்டுகிற ஆள். எல்லாருக்கும் பொது. நிரல் கிளம்பும்போதே, எனக்கு இன்னார் இன்னார் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். ஒருவர் வரவில்லை என்றாலும் கடையைத் திறக்காது.

சரி, ஓர் ஆள்தானே வரவில்லை, வேறு ஆளைக் கூட்டிவரலாம் என்று இணையத்திலிருந்து அதே பெயரில் ஒரு லைப்ரரியை இறக்கிப் போட்டேன். மறுபடி கிளப்பினேன். இப்போது வேறொரு பெயரைச் சொல்லி, அது இல்லை என்றது. அதையும் கொண்டுவந்தேன். மூன்றாவதாக ஒன்றைக் கேட்டது. அதையும் கொடுத்ததும், முதலில் கொடுத்தது தான் கேட்ட பதிப்பு இல்லை என்று திருப்பிவிட்டது. மணி பன்னிரண்டு.

மீன்காரம்மா பெஞ்சை இழுத்து எனக்குப் பின்னால் போட்டுக்கொண்டார்.

“இன்னா சொல்லுது?”

“ஒரு சாமான் இல்லைன்னுதும்மா. குடுத்தா இன்னொண்ணு இல்லைன்னுது.”

“ஒண்ணொண்ணா எதுக்குக் கேக்குது? இல்லாதத மொத்தமா சொல்லுன்னு கேளேன். நாக்கு தேஞ்சா போயிடும்?”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். மொத்தமாகக் கேட்க ஒரு கட்டளை இருக்கத்தான் செய்கிறது. எனக்குத் தெரிந்த கட்டளைதான். படபடப்பில் மறந்திருந்தேன். “அதைத்தான் இப்ப செய்யப் போறேன்,” என்றேன், ஏற்கெனவே திட்டத்தில் இருந்ததுபோல.

செய்தேன். இறக்கிப் போட்ட மூன்றையும் எடுத்துவிட்டுத்தான் செய்தேன். பட்டியல் வந்தது. பதினொரு பெயர்களுக்கு நேராக, இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக இருந்தது.

“இவ்ளோ பேருமா லீவு?” என்றார் மீன்காரம்மா. பிறகு அக்காவிடம் திரும்பி, “எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டீங்களாம்மா?” என்று கேட்டார்.

“காலையிலயே சுத்திட்டேன்,” என்றார் அக்கா, குரலைத் தாழ்த்தி. “மதாம்க்குத் தெரியாது.”

பெட்டிக்கு அடியில் பார்த்தேன். நசுங்கிய பழம் ஒன்று குங்குமத்தோடு கிடந்தது. விசிறியின் காற்று போகிற இடத்தில்தான் கிடந்தது. விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

பதினொன்றும் ஒரே நாளில் தானாகக் காணாமல் போகாது. யாரோ எடுத்திருக்க வேண்டும். அந்த லைப்ரரிகள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தேன். அங்கேதான் எனக்கு வியர்த்தது. காரணம், அந்த ஃபோல்டர் இருந்த இடத்துக்கு நான்தான் பொறுப்பு.

இந்த நிரலை ஆயத்தமாக ஒரே கட்டளையில் போட்டுக்கொள்ளலாம். ஊரெல்லாம் அப்படித்தான் போடுகிறது. அப்போது எனக்கு ஒரு திமிர். மூல நிரலை இறக்கி, நானே அரைத்து, நானே வடித்து எடுத்தால்தான் மீசையை முறுக்க முடியும் என்று. அப்படியே செய்தேன். வைக்கப் போனால் பெட்டியின் சின்ன டிஸ்கில் இடமில்லை. பெரிய டிஸ்கில், அலுவலகத்து ஃபைல்கள் இருக்கிற அதே இடத்தில், ஓரமாக ஒரு ஃபோல்டர் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். மறைக்கவில்லை, பூட்டவில்லை. ‘அனுமதி இல்லைன்னு வருது தம்பி’ என்று அக்கா தினமும் போன் பண்ணாமல் இருக்க, யார் வேண்டுமானாலும் எழுதலாம் அழிக்கலாம் என்று எல்லாவற்றையும் திறந்து விட்டிருந்தேன். அந்த ஃபோல்டருக்கு நான் வைத்த பெயர் ‘சில்லறை’.

இப்போது உள்ளே பார்த்தால் லைப்ரரிகள் எல்லாம் இருக்கின்றன. ஒன்றுகூடப் போகவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் முழுப் பெயர் மட்டும்தான் இருந்தது. கடைசியில் புள்ளி புள்ளியாக மூன்று எண்கள் போட்ட நீளப் பெயர். நிரல் கூப்பிடுகிற குட்டிப் பெயர், கடைசியில் ஒரே எண் போட்டது, எதற்குமே இல்லை.

“அக்கா,” என்றேன் மெதுவாக. “இந்த சில்லறை ஃபோல்டர்ல எதாவது பண்ணீங்களா?”

அக்கா டைப் அடிப்பதை நிறுத்தினார். மதாம் உள்அறையில் யாரோடோ போனில் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

“வெள்ளிக்கிழமை கழிப்புல அதையும் சுத்தம் பண்ணேன் தம்பி.”

வெள்ளிக்கிழமை கழிப்பு அந்த அலுவலகத்து வழக்கம். எப்போதோ ஒருமுறை, ஒருவருடைய திருமணச் சான்றிதழின் திருத்தாத வரைவு முத்திரையோடு வெளியே போய், அந்த மனிதர் கண்ணில் தண்ணீரோடு திரும்பி வந்திருக்கிறார். அன்றிலிருந்து மதாம் ஒரு சட்டம் போட்டார். ஓர் ஆளுக்கு ஒரு காகிதம் ஒரே ஒரு ஃபைலாகத்தான் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா எல்லா ஃபோல்டரையும் திறந்து இரட்டையாக இருப்பதைக் கழித்துவிடுவார். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்பதிலும் சந்தேகம் இல்லை. இறுதி ஃபைலுக்கு ஆளின் முழுப் பெயரும் ஆண்டும் போட்டு நீளமாகப் பெயர் வைப்பார்கள், வரைவுக்குச் சுருக்கமாக. எனவே நீளத்தை வை, சுருக்கத்தைக் கழி.

“எல்லாம் ஒண்ணு போல மூணு மூணு இருந்துச்சு தம்பி,” என்றார் அக்கா. “ஒரே சைசு, ஒரே தேதி. பேருதான் வேற. நீட்டுப் பேர வெச்சிட்டு மத்தத எடுத்துட்டேன். அந்த ஃபோல்டரு அன்னிக்குத்தான் கண்ணுல பட்டுச்சு. எடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆவுதே. அப்ப ஒண்ணும் ஆவலியே.”

அப்போது ஒன்றும் ஆகாததற்குக் காரணம், ஓடிக்கொண்டிருந்த நிரல் தனக்கு வேண்டியதையெல்லாம் எப்போதோ நினைவில் ஏற்றிக்கொண்டிருந்தது. காலையிலேயே வெட்டி வாங்கி வைத்த மீனைச் சாயங்காலம் வரை விற்கிற மாதிரி. மதாம் சுவிட்சை அணைத்தபோதுதான் கூடை காலியானது.

குட்டிப் பெயர்கள் உண்மையில் ஃபைல்களே இல்லை. ‘நீ தேடுகிறவர் இவர்தான்’ என்று முழுப் பெயரைக் கைகாட்டுகிற வெறும் சுட்டிகள். விண்டோஸ் கணினியிலிருந்து பார்க்கிற அக்காவுக்கு அது தெரிய வழியில்லை. அங்கே அதுவும் முழு ஃபைலாகத்தான் தெரியும்.

இதை அக்காவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது மீன்காரம்மா நடுவில் நுழைந்தார்.

“இதுல புரியாம போறதுக்கு இன்னா இருக்குது? குப்பத்துல வந்து என் சர்ட்டிபிகேட் பேரச் சொல்லிக் கேட்டா என் பக்கத்து வூட்டுக்காரியே அப்டி யாரும் இல்லன்னுதான் சொல்லுவா. நான் உள்ளாற சாப்ட்டுகினு இருப்பேன்.”

“அதேதாம்மா,” என்றேன்.

“அப்ப நீ செஞ்சது தப்புதாம்மா,” என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். “கூப்புடற பேரத் தூக்கிட்ட.”

அக்காவுக்குச் சுருக்கென்றது. “சில்லறைன்னு பேர் வெச்சா பெருக்கத்தான் செய்வாங்க,” என்றார் என்னைப் பார்த்து. “முக்கியமானதுன்னு எழுதியிருந்தா நான் ஏன் தொடறேன்?”

நான் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

மதாம் உள்அறை வாசலில் வந்து நின்றார். “முசே?”

“கண்டுபிடிச்சாச்சு மதாம். பத்து நிமிஷம்.”

காரணம் தெரிந்துவிட்டது, குட்டிப் பெயர்களைத் திரும்ப வைக்க வேண்டியதுதான் பாக்கி. உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையால் வைக்க ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. விறுவிறு என்று போனது. பின்னால் மீன்காரம்மா எண்ணிக்கொண்டே வந்தார். ஏழாவதில் அவசரத்தில் இரண்டு பெயர்களையும் முன்பின்னாக மாற்றி அடித்துவிட்டேன். மறுபேச்சு பேசாமல் செய் என்று கட்டளையில் ஓர் எழுத்தையும் சேர்த்திருந்தேன். பெட்டியும் மறுபேச்சு பேசவில்லை. முழுப் பெயரில் இருந்த அசல் லைப்ரரியை அழித்துவிட்டு, அந்த இடத்தில் குட்டிப் பெயரைக் கைகாட்டும் சுட்டியை வைத்தது. குட்டிப் பெயரில் யாரும் இல்லை.

அக்கா ஒரு மாதத்துக்கு முன்பு கழித்தபோதுகூட அசல் ஒன்றும் சாகவில்லை. கொன்றது நான்தான்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.

“ஏழோட நின்னுட்டியே,” என்றார் மீன்காரம்மா.

“ஒரு சின்ன… இதும்மா. அந்த ஒண்ண முதல்லேர்ந்து செய்யணும்.”

“முதல்லேர்ந்துன்னா?”

“ஒரு ரெண்டு மணி நேரம்.” மூல நிரலை இடம் போதவில்லை என்று அப்போதே அழித்திருந்தேன். மறுபடி இறக்கி, மறுபடி அரைக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால்.

மீன்காரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். தலையிலிருந்த மல்லிகையை எடுத்துச் சரியாக வைத்துக்கொண்டார். கோப்புறையைத் திறந்து உள்ளே இருப்பது இருக்கிறதா என்று பார்த்தார், மூடினார். அக்கா மெல்ல, “எல்லாத்தையும் புதுசா அடிச்சிரட்டுமா?” என்றார். ஏழு காகிதம், ஒரு மணி நேரம். அக்காவின் விரல் எவ்வளவு வேகமென்றாலும் நடக்காது. அவருக்கே தெரியும்.

“தம்பி,” என்றார் மீன்காரம்மா. “என் காயிதம் உள்ள இருக்குதா, இல்லியா?”

“இருக்கும்மா.”

“கெட்டுப் போவலியே?”

“ஒண்ணும் ஆவல. எடுத்துக் குடுக்கற நிரல்தான் எழுந்துக்க மாட்டேங்குது.”

“எங்கூட்டு ஐஸ்பெட்டிக்குப் பூட்டு ஒண்ணு இருக்குது. சாவி தொலஞ்ச அன்னிக்கு நான் பூட்டப் பாத்துகினு நின்னா மீன் இன்னா ஆவறது? பின்னால கீலக் கழட்டி மீன எடுத்துடுவேன். யாவாரம் முடிஞ்சப்புறம்தான் பூட்டுகிட்ட பேச்சு.” குனிந்து பெட்டியைப் பார்த்தார். “இதுக்குப் பின்னால கீலு இல்லியா?”

இருந்தது. என் எதிரிலேயே, என் மூக்குக்கு நேராக, பென்டிரைவ் செருகுகிற துளை இரண்டு இருந்தன. பென்டிரைவ் என் பையில் இருந்தது. காலை பத்தே முக்காலிலிருந்து இருந்தது. பங்கிடுகிற நிரல் படுத்தால் ஃபைல்கள் எங்கும் போய்விடாது. அந்தப் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறவன் கையால் எடுத்துக் கொடுக்கலாம். மூன்று மணி நேரமாகப் பூட்டோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏழு ஃபைல்களையும் எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா என் கையிலிருந்து பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அக்காவுக்குத் துரோகம். அலுவலகத்து ஃபோல்டரில் மீன்காரம்மாவின் பெயரில் ஏழே ஏழு ஃபைல்தான் இருந்தன. எல்லாம் முழுப் பெயரோடு, திருத்தியது. கழிப்பு என்ற ஒன்று இல்லாதிருந்தால் வரைவும் திருத்தமுமாக இருபது கிடந்திருக்கும். எது சரி என்று பார்ப்பதற்குள் மூன்று மணி அடித்திருக்கும். காலையில் எங்களை மாட்டிவிட்ட வழக்கமே மத்தியானம் எங்களைக் காப்பாற்றியது.

அச்சு வந்தது. மதாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அந்தத் திருமணச் சான்றிதழுக்குப் பிறகு படிக்காமல் முத்திரை வைப்பது அவரிடம் கிடையாது, கடவுளே வந்து நின்றாலும். அடிக்கோலை வரிக்குக் கீழ் வைத்து வைத்து ஏழையும் படித்தார். நாங்கள் மூன்று பேரும் அந்த அடிக்கோலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஐந்தாவது காகிதத்தில் ஓர் இடத்தில் கோல் நின்றது. மதாம் ஒரு தும்மல் போட்டுவிட்டு மேலே படித்தார்.

முத்திரை ஏழு முறை விழுந்தபோது இரண்டு முப்பத்தைந்து.

“ஆட்டோ பாக்க நேரம் இல்ல,” என்றேன். “என் வண்டியில ஏறுங்கம்மா.”

பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோப்புறையை மார்போடு அணைத்து, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் கிளப்பினேன். முதல் உதையில் வண்டி பிடிக்கவில்லை.

“இதுக்கு எல்லா சாமானும் இருக்குதா தம்பி? இல்ல, இதுலயும் அந்த அக்கா எதாவது கழிச்சிருக்குதா?”

இரண்டாவது உதையில் பிடித்தது. காந்தி வீதி முழுக்க அவர் பின்னாலிருந்து, “அந்த லாரிய வுட்டுப் போ, இந்த மாட்ட சுத்திப் போ” என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். இரண்டு ஐம்பத்திரண்டுக்கு விசா அலுவலக வாசலில் இறக்கினேன். காவலாளி பட்டியலைப் பார்த்து ஒரு பெயரைப் படித்தார். மூன்று பகுதி உள்ள நீளமான பெயர். மீன்காரம்மா பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“உங்களத்தாம்மா,” என்றேன்.

“ஆமா, நான்தான், நான்தான்,” என்று ஓடினார்.

திரும்பி வந்து சாயங்காலத்துக்குள் வேலையை முடித்தேன். சொந்தமாக அரைத்ததைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊரார் போடுகிற ஆயத்த நிரலை ஒரே கட்டளையில் போட்டேன். தன் லைப்ரரிகளை அதுவே உரிய இடத்தில், யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொண்டது. இரண்டே நிமிடம். முறுக்கிய மீசையை நானே இறக்கிவிட்டுக்கொண்டேன். பிறகு சும்மா இருக்காமல் கையேட்டைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. ஃபோல்டரைக் காட்டினால் போதும், ஒவ்வொரு லைப்ரரியின் கூப்பிடு பெயரையும் உள்ளே படித்துப் பார்த்து, சுட்டிகளைத் தானே வரிசையாக வைத்துவிடுகிற கட்டளை ஒன்று இருக்கிறதாம். நான் ஏழாவதில் கொலை செய்துகொண்டிருந்தபோது அது அந்தப் பெட்டிக்குள்ளேயே சும்மா உட்கார்ந்திருந்தது. நோட்டின் முன்பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

மதாமுக்கு என்ன ஆயிற்று என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ரிப்பேருக்கும் ஒரு தாளில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அக்கா டைப் அடிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். ஒரு சத்தமும் வரவில்லை. நான் எழுதினேன்: ‘திங்கள் மாலை மின்சாரம் நிறுத்தப்பட்டதால் நிரல் மீண்டும் தொடங்கவில்லை.’ இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. சுவிட்சை அணைத்தவர் மதாம்தான் என்பதால், மேற்கொண்டு கேட்கமாட்டார் என்றும் ஒரு கணக்கு.

மதாம் படித்தார். அடிக்கோல் வைத்துத்தான் படித்தார்.

“மெர்சி, முசே,” என்று நன்றி சொன்னார். தாளை மடித்து வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல், “வெள்ளிக்கிழமை கழிப்பு இனிமே நம்ம ஃபைலுக்கு மட்டும். பெட்டிக்கு அடியில எலுமிச்சம்பழம் இருக்கு, அதையும் எடுத்துடுங்க,” என்றார்.

உள்அறையில் பிரெஞ்சில் போன் பேசிக்கொண்டிருந்தாலும் தமிழ்க் காது திறந்துதான் இருந்திருக்கிறது. நான் மறுபடி ‘தம்பி’ ஆக மூன்று வாரம் ஆயிற்று.

அதற்கு முன்பே விசா வந்துவிட்டது. மீன்காரம்மா ஊருக்குக் கிளம்புகிற வாரத்தில் இரண்டு வஞ்சிரம் கொண்டுவந்து, ஒன்றை அக்காவிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். “சண்ட போட்டுக்காதீங்க, ரெண்டும் ஒரே சைசு,” என்றார். மதாமுக்குத் தனியாக எறா.

பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். குழந்தை பிறந்த அன்றைக்கு அக்காவின் வாட்ஸப்புக்குக் குரல் செய்தி வந்தது. நான் அப்போது பிரிண்டருக்கு மை மாற்றிக்கொண்டிருந்தேன். அக்கா சத்தமாக வைத்தார்.

“பொண்ணு பொறந்துருக்குதும்மா. நான்தான் மொதல்ல கையில வாங்கினேன், அப்பன்கூட அப்புறம்தான். காபி எல்லாம் யாரும் குடுக்கல, நான்தான் போட்டுக் குடுத்துகினு இருக்கேன். புள்ளைக்கு ரெண்டு பேரு வெச்சிருக்குது. காயிதத்துக்கு ஒண்ணு, கூப்புட ஒண்ணு. நாளிக்குச் சர்ட்டிபிகேட்டு தமிழ்ல மாத்த ஒங்ககிட்டதான் வரும். ரெண்டயும் வெச்சிக்க, கழிச்சிராத.”

மதாம் உள்ளே வாய்விட்டுச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போனை வாயருகே கொண்டுபோய், வேலை விஷயம் கேட்கிற முகத்தோடு பதில் சொன்னார்:

“ரொம்ப சந்தோசம்மா. ரெண்டுல எது நீளம்?”